கத்திக்குக் காப்பு பூட்டுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் பலாப்பழம் வந்தால் அதைப் பிளக்கும் வேலை மாமாவுடையது. பால் ஒட்டாமல் இருக்க இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், கத்திக்கும் ஒரு பூச்சு. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூன் மாதம் அப்படித்தான் திண்ணையில் சாக்கை விரித்துப் பழத்தை வைத்து, கத்தி முனையை நடுவில் ஊன்றி, உடம்பு எடையைப் போட்டு அழுத்தினார். தோலைத் தாண்டி இறங்கிய முனை உள்தண்டில் பட்டு நின்றது. கத்தி நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. எண்ணெய்ப் பிடியில் வழுக்கிய கை முன்னால் ஓடி, ஆள்காட்டி விரல் கத்தி வாயின் மேல் ஏறிவிட்டது. ஆறு தையல். விரல் இப்போது நன்றாக மடங்குகிறது. குளிர் நாளில் மட்டும் நுனி மரத்துப்போகிறது என்கிறார்.

அந்தக் கத்தி நான் செய்து கொடுத்தது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, சாணை பிடித்து, கருவேலம் பிடி போட்டு, பெருமையாக மலைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். கூர் நன்றாக இருந்தது. பிடியையும் வழவழவென்று இழைத்திருந்தேன். கையை நிறுத்த மட்டும் அதில் எதுவும் இல்லை. அந்த ஆறு தையலுக்குப் பிறகுதான் காப்பு என்கிற விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புதிதாகக் கத்தி செய்ய வருபவர்கள் கூரைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், இதைப் பற்றிக் கேட்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

பிடியும் அலகும் சேரும் இடத்தில் குறுக்கே நிற்கும் உலோகத் துண்டுதான் காப்பு. கடைகளில் கார்டு என்று கேட்டாலும் புரியும். கையைக் காப்பதால் நான் காப்பு என்றே எழுதுகிறேன். இதைப் பூணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பூண் என்பது மரப்பிடி வெடிக்காமல் இருக்க அதன் வாயைச் சுற்றி இறுக்கும் வளையம். மண்வெட்டியிலும் உளியிலும் பார்த்திருப்பீர்கள். பூண் மரத்துக்கு, காப்பு கைக்கு.

கை எந்தப் பக்கம் ஓடும்?

காப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: வேலை செய்யும்போது கை எந்தப் பக்கம் வழுக்கும்?

நம் அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறையிலும் அரிவாளுக்குக் காப்பு வைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது மறதியில் விட்டது இல்லை. அரிவாளை வீசும்போது அதன் எடை கையை விட்டு வெளியே பறக்கப் பார்க்கும். கை வழுக்கினால் பிடியின் அடிப்பக்கம்தான் போகும், அலகுப் பக்கம் வராது. அதனால்தான் அரிவாள் பிடி அடியில் தடித்தோ வளைந்தோ இருக்கிறது. அந்தத் தடிப்புதான் அரிவாளுக்குக் காப்பு, அடிப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

குத்தி இறக்கும் கத்தியில் விசை நேர் எதிர்த் திசை. முனை எதிலாவது முட்டி நின்றால் கை முன்னால் பாயும். அங்கே தடை வேண்டும். பழைய ஆட்கள் இதே சிக்கலைக் கட்டாரியில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கட்டாரியின் பிடி அலகுக்குக் குறுக்கே, ஏணிப் படி மாதிரி இருக்கும். முட்டியை மடக்கிப் பிடித்துக் குத்தினால் கை ஓடுவதற்கு வழியே இல்லை. அருங்காட்சியகத்தில் கட்டாரியைப் பார்த்தால் அடுத்த முறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

சமையலறைக் கத்திக்குக் காப்பு தேவையில்லை, வைத்தால் தொந்தரவு. பலகையில் வைத்து நறுக்கும்போது அலகின் அடிமூலை பலகையைத் தொட வேண்டும், காப்பு இருந்தால் அதுதான் முதலில் முட்டும். தவிர, சமையல் கத்தியின் அலகு பிடியை விட அகலமானது. கீழே இறங்கி நிற்கும் அந்த அடிமூலையே விரலுக்குத் தடுப்பு. அரிவாள்மனையில் கேள்வியே எழாது. அங்கே அலகு அசையாது, காய்தான் நகரும்.

ஆக, பலாப்பழம் பிளப்பது, தோட்டத்தில் கயிறும் கொடியும் அறுப்பது, ஆட்டுத் தோல் உரிப்பது, மழைக் காட்டில் ஈரக் கையோடு வேலை பார்ப்பது, இப்படி முனையைப் பயன்படுத்தும் கத்திக்குக் காப்பு வையுங்கள். மற்றதற்கு விட்டுவிடலாம்.

அளவு பெரிதாக வேண்டியதில்லை. விரல் பக்கம், அதாவது கத்தி வாய் இருக்கும் பக்கம், பிடியை விட 8 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றால் ஆள்காட்டி விரலுக்குப் போதும். முதுகுப் பக்கம் பிடியோடு சமமாக முடித்துவிடலாம். கட்டைவிரல் வைத்து அழுத்த வசதி. இதை ஒற்றைக் காப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் நீட்டினால் இரட்டைக் காப்பு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வேலைக் கத்திக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், வாள், குத்துவாள் போன்றவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்த கத்திகளுக்கு விலக்கு இருக்கிறது. இருபக்கக் கூரும் இரட்டைக் காப்புமாகச் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது குத்துவாள்தான். 5 அங்குல அலகு, ஒரு பக்கக் கூர், ஒற்றைக் காப்பு: தொடங்குபவருக்கு இதுவே நல்ல கத்தி.

காப்புக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. பிடிக்குள் நுழையும் இரும்பு நீட்சியை வால் என்பார்கள். வால் மரத்துக்குள் நுழையும் இடத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் போனால் வால் உள்ளேயே துருப்பிடிக்கும், துரு உப்பி மரத்தை வெடிக்க வைக்கும். வெளியே அலகு பளபளவென்று இருக்க, ஒருநாள் பிடி கையோடு வந்துவிடும். ஏற்காட்டில் மழைக்காலத்து மூடுபனியில் உலர்த்திய துணியே காய மாட்டேன் என்கிறது, கத்தியின் சந்து எப்படிக் காயும்? சரியாகப் பொருந்திய காப்பு அந்தச் சந்துக்கு மூடி. சரியாகப் பொருந்தாத காப்போ தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிண்ணம். அது இல்லாமலே இருக்கலாம்.

என்ன உலோகம்?

முதல் காப்பைப் பித்தளையில் செய்யுங்கள். யோசிக்கவே வேண்டாம். அரத்துக்கு நன்றாக வெட்டுப்படும், தேய்த்தால் தங்கம் மாதிரி மினுங்கும், தப்பு செய்தால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். 6 மி.மீ. தடிமனுள்ள பித்தளைப் பட்டையாகக் கேளுங்கள். உலோகக் கடைகளில் எடைக்குத் தருவார்கள், வெட்டு மிச்சத் துண்டே போதும். பழைய பித்தளைப் பாத்திரத்தை வெட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தகடு மெல்லியது, உதவாது.

உருக்காலை இருக்கிற சேலத்துக்காரர்கள் என்பதால் நமக்கு எவர்சில்வர் மேல் தனி ஆசை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காப்புக்கு அருமையான பொருள், துருவும் ஏறாது களிம்பும் பிடிக்காது. ஆனால் துளை போடும்போது அது நம்மோடு சண்டை போடும். ட்ரில் முனை வெட்டாமல் உராய்ந்தால் உராய்ந்த இடம் இறுகிப்போகும், அப்புறம் எந்த முனையும் இறங்காது. மெதுவான வேகம், அழுத்தம் குறையாத கை, நிறைய எண்ணெய், இந்த மூன்றும் பழகிய பிறகு அதற்குப் போகலாம். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. வேலை செய்யப் பித்தளை மாதிரிதான், நிறம் மட்டும் வெள்ளை. சாதா இரும்பில் செய்தால் மலையில் ஒரே மழையில் துரு.

தோளில்தான் ஆரம்பம்

காப்பைச் செய்வதற்கு முன் கத்தியைப் பாருங்கள். அகலமான அலகு ஒடுங்கி வாலாக மாறும் இடத்தில், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு படிகள் இருக்கும். இவற்றைத் தோள் என்று சொல்வோம். காப்பு வால்பக்கமிருந்து நுழைந்து வந்து இந்தத் தோள்களில் போய் உட்கார வேண்டும். ஒரு தோள் அரை மில்லிமீட்டர் முன்னால் இருந்தாலும் காப்பு ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் வாயைப் பிளந்து நிற்கும். பல பேர் துளையைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே ராவுகிறார்கள். குற்றம் தோளில் இருக்கும்.

இரண்டு தோளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு வழி: இரண்டு தடித்த இரும்புப் பட்டைகளை அலகின் இருபுறமும் வைத்து, மூலைமட்டத்தால் சரிபார்த்து, பெஞ்ச் வைஸில் சேர்த்து இறுக்குங்கள். பட்டைகளின் விளிம்பு இரண்டு தோளுக்கும் ஒரே கோடாக நிற்கும். அதற்கு மேல் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் அரத்தால் ராவி எடுங்கள். பட்டை கடினமான இரும்பாக இருந்தால் அரம் அதில் சறுக்கிக்கொண்டு ஓடும், அதற்கு மேல் இறங்காது.

தோளும் வாலும் சேரும் உள்மூலையைக் கத்தி மாதிரி கூர்மையாக விடாதீர்கள். சின்ன வட்ட அரத்தால் ஒரு மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூர்மையான உள்மூலையில்தான் விசை குவியும். தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்கும்போது, விரிசல் அங்கேதான் தொடங்கும், தப்பித்தால் பிற்பாடு வேலையில் வால் ஒடியும். அந்த உருட்டலுக்கு இடம் விட, காப்புத் துளையின் முன்பக்க ஓரங்களை இரண்டு முனையிலும் லேசாகச் சரித்துவிட்டால் போதும்.

இன்னொன்று, வால் தோளிலிருந்து கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போக வேண்டும். தடிமனிலும் சரி, அகலத்திலும் சரி. அப்போதுதான் காப்பு பின்னால் தாராளமாக நுழைந்து தோளருகே வரும்போது இறுகும். காப்பைக் கடைசியாகப் பொருத்துவது தோய்ச்சலும், அதற்குப் பின் மிதமாகச் சூடாக்கி முறியாமல் ஆக்கும் பதமும் முடிந்த பிறகுதான். காய்ச்சும்போது அலகு கொஞ்சம் வளையும், செதில் கழன்று தடிமன் குறையும். முன்கூட்டியே இறுக்கமாகப் பொருத்தி வைத்தது பிறகு பொருந்தாது.

துளை

இனி ஓர் உதாரணக் கணக்கு. தோளருகே வாலின் தடிமன் 4 மி.மீ., அகலம் 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. பித்தளைப் பட்டையில் 20க்கு 45 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். வேண்டியதை விடக் கொஞ்சம் பெரியதுதான், கடைசியில் ராவிக்கொள்ளலாம். அலகைப் பார்த்து நிற்கப்போகும் முகம் எது என்று முடிவு செய்து ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அதைத் தட்டையாக உப்புத்தாளில் தேய்த்து, மார்க்கர் மையைப் பூசி, அதன் மேல் ஊசியால் நடுக்கோடும் 4க்கு 16 என்ற செவ்வகமும் கீறுங்கள். மை மேல் கீறிய கோடு முடி மாதிரி மெல்லியதாகத் தெரியும். பென்சில் கோட்டை நம்ப வேண்டாம், அதன் தடிமனே கால் மி.மீ. வரும்.

துளை போட 3.5 மி.மீ. ட்ரில் முனை. 4 மி.மீ. முனையை எடுத்தால் ஒரு சிறு பிசகிலும் கோட்டைத் தாண்டிவிடும். செவ்வகத்தின் ஒரு முனையிலிருந்து 2, 6, 10, 14 மி.மீ. தூரத்தில் நடுக்கோட்டில் பஞ்ச் உளியால் நான்கு புள்ளி அடியுங்கள். நான்கு துளையும் போட்டால் இரண்டு துளைக்கு நடுவில் அரை மி.மீ. சுவரும், நாலா பக்கமும் கால் மி.மீ. மிச்சமும் நிற்கும். அந்தக் கால் மி.மீ.தான் அரத்துக்கான வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளையில் ட்ரில் முனை கவ்வும். இரும்பில் நிதானமாக இறங்குகிற அதே முனை, பித்தளையில் மறுபக்கம் துளைத்து வெளியேறும் நொடியில் திருகாணி மாதிரி தன்னை உள்ளே இழுத்துக்கொண்டு, கையிலுள்ள துண்டைப் பிடுங்கிச் சுழற்றும். துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. வைஸில் இறுக்குங்கள். முனையின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் ஓர் இழுப்பு இழுத்து லேசாக மழுக்கிக்கொண்டாலும் கவ்வல் குறையும்.

நடுச்சுவர்களை அறுத்தெடுக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சேலம் கொலுசு ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நூல் மாதிரி மெல்லிய ரம்பப் பட்டையும், தீக்குச்சித் தடிமனில் சின்னச் சின்ன அரங்களும் கிடைக்கும். தட்டை, சதுரம், வட்டம் என மூன்று சின்ன அரம் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டை அரத்தின் பக்க விளிம்பிலுள்ள பற்களைச் சாணையில் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீளச் சுவரை ராவும்போது அது நமக்குத் தெரியாமல் மூலையையும் தின்றுகொண்டிருக்கும்.

கரி பூசிப் பார்ப்பது

துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பயம் போய்விடும்: 6 மி.மீ. ஆழமும் இறுக்கமாகப் பொருந்த வேண்டியதில்லை. அலகைப் பார்க்கும் முகத்தில் ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. மட்டும் வாலைக் கவ்விப் பிடித்தால் போதும். பின்பக்கம் தளர்வாக இருக்கலாம், அது பிடிக்குள் மறைந்துவிடும், பசையும் அங்கேதான் நிற்கும். அதனால் எப்போதும் பின்பக்கமிருந்தே அரத்தை நுழைத்து, லேசான சரிவில் ராவுங்கள். பின்னால் அகலம், முன்னால் குறுகல், புனல் மாதிரி. முன்முகத்தின் ஓரத்தில் அரம் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ராவ வேண்டும் என்று எப்படித் தெரியும்? எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது கொண்டலாம்பட்டிப் பக்கத்து ஆசாரி ஒருவர். நான் துளையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ராவிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி, வாலை அந்தச் சுடரில் காட்டி எடுத்தார். வால் முழுக்கக் கரி. “இப்போ போட்டு அழுத்துங்க தம்பி. அழுத்திட்டுக் கழட்டுங்க.” கழற்றிப் பார்த்தால் பித்தளைத் துளையின் உள்சுவரில் இரண்டே இடத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். “கறுப்பு எங்க இருக்கோ அங்க மட்டும் ரெண்டு இழுப்பு. மத்த இடத்தைத் தொடாதீங்க.”

அவ்வளவுதான் சூத்திரம். கரி பூசு, போடு, கழற்று, கறுப்பு இருக்கும் இடத்தை இரண்டு இழுப்பு ராவு, துடை, மறுபடியும் கரி. கரிக்குப் பதில் மார்க்கர் மையும் போடலாம். முதல் காப்புக்கு நான் இதை நாற்பது தடவையாவது செய்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஓடியது. ஒவ்வொரு தடவையும் காப்பு ஒரு முடி அளவுக்குத் தோளை நோக்கி நகரும். அந்த நகர்வு கைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டால் அவசரப்படத் தோன்றாது.

தோளுக்கு இன்னும் 2 மி.மீ. இருக்கும்போது ராவுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அடித்து ஏற்ற வேண்டும். கத்தி வாயில் தடித்த டேப் சுற்றி, அலகை இரண்டு மரத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, வால் மேலே பார்க்க வைஸில் இறுக்குங்கள். முனை கீழே தரையைப் பார்க்கட்டும். வாலின் மேல் ஒரு இரும்புக் குழாயை நுழைத்து, அது காப்பின் முதுகில் சமமாக உட்கார்ந்ததும் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டுகள். ஏறும்போது சத்தம் ‘டொக் டொக்’ என்று மந்தமாக இருக்கும். தோளில் போய் உட்கார்ந்த நொடியில் ‘டங்’ என்று மாறும். அதற்கு மேல் ஒரு தட்டுகூட வேண்டாம்.

இப்போது கத்தியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சந்தில் பாருங்கள். ஆசாரியின் அளவுகோல் இதுதான்: “வெளிச்சம் போற வழியில தண்ணியும் போகும்.” வெளிச்சம் தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது. முடி அகலத்துக்கு ஒரு கோடு தெரிந்தால் காப்பைக் கழற்றி, முன்முகத்தில் அந்த ஓரத்தை ஒட்டி மழுங்கிய பஞ்ச் உளியால் மெல்லத் தட்டுங்கள். பித்தளை நசுங்கிச் சந்தை நோக்கி நகரும். பிறகு முகத்தைத் தட்டையாகத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் கரி பூசிப் பார்க்கலாம். அதை விடப் பெரிய சந்து என்றால் துண்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். பசையும் மரத்தூளும் அடைத்து மறைப்பதை நான் ஏற்பதில்லை. ஆறு மாதத்தில் அது உதிர்ந்து, முதலில் இருந்த சந்தை விடப் பெரிய சந்து வெளியே வரும்.

பற்றவைக்கலாமா?

அடித்து ஏற்றிய காப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வழக்கம் பழையது. செய்யலாம், ஆனால் சூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு செய்யுங்கள். எனக்குத் தெரியாமல் ஒரு கத்தி போனது. எனக்குத் தெரிந்த ஒரு வெள்ளிப் பட்டறையில் காப்பைக் கொடுத்து, கொலுசுக்குப் பற்றவைப்பது போலவே வைத்துத் தரச் சொன்னேன். அவர்களும் வெங்காரம் தடவி, பற்றுப் பொடி வைத்து ஊதி, அழகாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். சந்தே தெரியவில்லை. ஆனால் காப்பை ஒட்டி இரண்டு அங்குலத்துக்கு அலகு நீலம் பாரித்திருந்தது. அந்த வாரமே முருங்கைக் கிளை ஒன்றைச் சீவும்போது கத்தி வாய் அந்த இடத்தில் மடிந்துவிட்டது. அவர்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை. நான் கேட்டதுதான் தப்பு.

காரணம் இது. தோய்ச்சல் போட்ட கத்தியை 200 டிகிரி செல்சியஸ் அளவில் பதம் செய்திருப்போம். அதைத் தாண்டிச் சூடேற ஏற இரும்பு தன் கடினத்தை விட்டுக்கொடுக்கும். சுத்தமாகத் தேய்த்த இரும்பில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 260ஐ ஒட்டிப் பழுப்பு, 300ஐ ஒட்டி நீலம். வெள்ளி வேலைக்கான பற்றுப் பொடி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு அலகுக்குள் ஓடினால் கத்தி வெறும் தகடு. வெள்ளீயத்தில் 3.5 சதவீதம் வெள்ளி கலந்த பற்று ஒன்று இருக்கிறது, அது 221 டிகிரியிலேயே உருகும். பற்றவைக்கத்தான் வேண்டும் என்றால் அதை வாங்கி, அலகில் ஈரத்துணி சுற்றி, சூட்டை வால்பக்கமிருந்து மட்டும் காட்டுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பற்றவைக்கத் தடவிய அமிலத் திரவம் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் இரண்டே நாளில் துரு.

தொடங்குபவருக்கு இதெல்லாம் வேண்டாம். இரண்டு பகுதியாக வரும் எபோக்ஸி பசை, அரால்டைட் மாதிரி, தாராளமாகப் போதும். காப்பு தோளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, பின்னாலிருந்து பிடி அதைத் தள்ளிப் பிடிக்கிறது, பிடிக்குள் வாலோடு குறுக்கே ஓர் ஆணி போகிறது. பசைக்கு இருக்கும் ஒரே வேலை தண்ணீரைத் தடுப்பதுதான். ஒட்டும் இடங்களை முரட்டு உப்புத்தாளில் கீறி, தின்னரில் துடைத்து, விரல் படாமல் ஒட்டுங்கள். முன்முகத்தில் பிதுங்கி வரும் பசையைக் காய்வதற்கு முன்பே தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். சேலத்து வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும், ஏற்காட்டுக் குளிரில் முழுதாக ஒரு நாளுக்கு மேல் விட்டு வையுங்கள்.

பசைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றை விட்டுவிட்டேன். அலகைப் பார்க்கும் முகத்தை ஒட்டுவதற்கு முன்பே 220, 400, 800 என்று உப்புத்தாள் மாற்றி முழுசாகப் பளபளப்பாக்கிவிட வேண்டும். பூட்டிய பிறகு அந்த மூலைக்குள் விரல்கூடப் போகாது. பின்முகம் தட்டையாக இருந்தால் போதும், பளபளப்பு வேண்டாம். ஓரங்களைப் பிடியோடு சேர்த்துக் கடைசியில் ராவிக்கொள்ளலாம், அப்போதுதான் மரமும் பித்தளையும் ஒரே வளைவாக ஓடும். விரல் படும் உள்ளோரத்தை மட்டும் நன்றாக உருட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் அழுத்தும்போது கூரான பித்தளை ஓரமே கையைக் கொப்புளிக்க வைக்கும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. பித்தளையும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் நின்றால் இரும்புதான் முதலில் அரிக்கும், அதனால் வேலை முடிந்ததும் துடைத்து, சந்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பித்தளையில் களிம்பு ஏறினால் நம் வீட்டு வழக்கப்படி புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். கத்தியில் அதைச் செய்ய வேண்டாம். புளித்தண்ணீர் இரும்பை அரிக்கும். விபூதியைத் துணியில் தொட்டுத் துடைத்தாலே போதும்.

மாமாவுக்கு இரண்டாவது கத்தியைப் பித்தளைக் காப்போடு செய்து கொடுத்து மூன்று பலாப்பழக் காலம் முடிந்துவிட்டது. இப்போதும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் பிளக்கிறார். போன மாதம் போயிருந்தபோது கத்தியை வாங்கிப் பார்த்தேன். காப்பு முழுக்கப் பழுப்பேறி மங்கிப்போயிருக்கிறது. ஆள்காட்டி விரல் வந்து முட்டும் இடத்தில் மட்டும், ஒரு சுண்டைக்காய் அகலத்துக்கு, புதுப் பித்தளை மாதிரி மினுங்குகிறது. அந்த மினுக்கம் நான் நினைத்ததை விடக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அடுத்த கத்தியில் நீட்டலை 8 மி.மீ.யிலிருந்து 10 ஆக்கி, அந்த இடத்தை விரல் உட்கார ஒரு மி.மீ. குழித்து எடுக்கப் போகிறேன்.